கங்கை டால்ஃபின்: எண்ணினால் போதுமா?

சிங்கங்களுக்குப் பேர் போன கிர் காட்டில் 2025 மார்ச் 3ஆம் தேதி, உலக வனவிலங்கு தினத்தன்று, பிரதமர் தலைமையில் தேசிய வனவிலங்கு வாரியம் கூடியது. அங்கே வெளியிடப்பட்ட ஓர் அறிக்கைக்கும் சிங்கத்துக்கும் சம்பந்தமில்லை. பல நூறு மைல்களுக்கு அப்பால், கலங்கல் நீரில், கண் தெரியாமல் வாழும் ஒரு பிராணியைப் பற்றியது அது. இந்திய ஆறுகளில் இருக்கும் டால்ஃபின்கள் மொத்தம் 6,327 என்றது அறிக்கை. உத்தரப் பிரதேசத்தில் 2,397, பீகாரில் 2,220, மேற்கு வங்காளத்தில் 815, அசாமில் 635, ஜார்க்கண்டில் 162, ராஜஸ்தான், மத்தியப் பிரதேசத்தில் 95. மிச்சம் மூன்றே மூன்று பஞ்சாபின் பியாஸ் நதியில். அந்த மூன்றும் கங்கை டால்ஃபின் அல்ல, சிந்து டால்ஃபின்.

எட்டு மாநிலங்கள், 28 ஆறுகள், 8,500 கி.மீ.க்கு மேல் படகுப் பயணம். சாதாரண வேலை இல்லை. டால்ஃபினை எண்ணுவது புலியை எண்ணுவது போலல்ல. புலியின் உடம்பில் வரி உண்டு, ஒன்றின் வரி இன்னொன்றுக்கு வராது. மரத்தில் காமிராவைக் கட்டிவிட்டு வந்தால் மீதியை அது பார்த்துக்கொள்ளும். கங்கை டால்ஃபின் மூச்சு விட மட்டுமே மேலே வரும். நீண்ட அலகு போன்ற வாயும் முதுகின் ஒரு பகுதியும் ஓரிரு நொடி தெரியும், பிறகு தண்ணீர்தான். எனவே எண்ணுபவர்கள் இரு குழுவாகப் பிரிந்து, ஒருவர் கண்டதை மற்றவருக்குச் சொல்லாமல் குறித்துக்கொண்டு, பின்னர் இரண்டையும் ஒப்பிடுகிறார்கள். இருவருமே தவறவிட்டவை எத்தனை இருக்கும் என்று அதிலிருந்து கணக்கிடுகிறார்கள். நீருக்கடியில் ஒலிவாங்கியையும் இறக்கிக் கேட்கிறார்கள். டேராடூனிலுள்ள இந்திய வனவிலங்கு நிறுவனம் 2021க்கும் 2023க்கும் இடையே இதைச் செய்து முடித்தது.

அறிக்கை வந்ததும் டால்ஃபின்கள் பெருகிவிட்டன என்று மகிழ்ந்தவர்கள் உண்டு. அப்படிச் சொல்ல இந்தக் கணக்கில் இடமில்லை. இதற்கு முன் புழங்கிய 2,000, 3,000 என்ற எண்கள் அங்கங்கே, வெவ்வேறு முறையில், வெவ்வேறு ஆட்கள் எண்ணியதைக் கூட்டிச் சொன்னவை. பழைய எண்ணையும் புதிய எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எண்ணும் முறை முன்னேறியிருப்பது தெரியும். விலங்கு முன்னேறியிருக்கிறதா என்பது தெரியாது. 6,327 என்பது ஓட்டப் பந்தயத்தின் தொடக்கக் கோடு. அடுத்த கணக்கெடுப்பு வரும்போதுதான் ஏற்றமா இறக்கமா என்று பேச முடியும்.

அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. மேலே வந்து மூச்சு விட்டவை எத்தனை என்பதுதான் இந்த எண். மூச்சு விட்டுவிட்டுக் கீழே போன பிறகு அது எப்படி வாழ்கிறது, என்ன சாப்பிடுகிறது, உடம்பில் என்ன சேர்ந்திருக்கிறது, காதில் என்ன விழுகிறது என்பதெல்லாம் தனிக் கணக்கு. அந்தக் கணக்கைப் புரட்டினால் அவ்வளவு உற்சாகம் வராது.

தமிழகக் கடற்கரையில் ஓங்கில் என்று மீனவர்கள் சொல்லும் கடல் டால்ஃபினை மனதில் வைத்துக்கொண்டு கங்கைக்குப் போனால் ஏமாற்றம்தான். துள்ளிக் குதிக்காது, படகோடு போட்டி போட்டு நீந்தாது, முகத்தில் சிரிப்பும் கிடையாது. ஆளுயரத்தை மிஞ்சும் நீளம். பெண்ணுக்கு ஆணைவிட உடலும் பெரிது, வாயும் நீளம். கண் இருக்கிறது, ஆனால் குண்டூசித் துளை அளவு. அதற்குள் லென்ஸ் இல்லை. வெளிச்சம் எந்தப் பக்கம் என்று தெரிந்தால் அதிகம். மூச்சு விடும்போது எழும் சத்தத்தையே பெயராக வைத்திருக்கிறார்கள் ஆற்றோரத்து மக்கள். இந்தியில் சூன்ஸ், வங்காளத்தில் ஷுஷுக்.

பழைய பிரஜை இது. அசோகரின் ஐந்தாவது தூண் சாசனம் கொல்லக்கூடாத உயிரினங்களைப் பட்டியலிடுகிறது. அதில் வரும் ‘கங்காபுபுடகம்’ என்பது இந்த டால்ஃபின்தான் என்பது அறிஞர்களில் பலர் கருத்து. இந்துஸ்தானத்து நதிகளில் நீர்ப்பன்றி இருப்பதாக பாபர் தமது நினைவுக் குறிப்பில் எழுதினார். விஞ்ஞானப் பெயர் 1801ல் கிடைத்தது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இடம். புலிக்கு என்ன மரியாதையோ அதே மரியாதை. 2009ல் தேசிய நீர்வாழ் விலங்கு என்ற பட்டம். 2020 சுதந்திர தின உரையில் ‘டால்ஃபின் திட்டம்’ அறிவிப்பு. காகிதத்தில் இதற்குக் குறை ஒன்றுமில்லை.

கண் செய்ய வேண்டிய வேலையைக் காது செய்கிறது. நொடிக்குப் பல முறை ‘டிக் டிக்’ என்று ஒலித் துடிப்புகளை அனுப்பி, மீனிலும் மணல் திட்டிலும் பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கேட்டு இந்தப் பிராணி உலகத்தைத் தெரிந்துகொள்கிறது. மனிதக் காது 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். கங்கை டால்ஃபினின் ஒலி 60 கிலோஹெர்ட்ஸ் பக்கம். ஆழம் குறைந்த ஆற்றில் எல்லாப் பக்கமிருந்தும் எதிரொலி வரும் என்பதால், கடல் டால்ஃபின் போல் வெகுதூரம் கூவிப் பார்க்காமல் கிட்டத்தில் இருப்பதைத் துழாவும் வகையில் அமைந்த ஏற்பாடு இது. தூங்கும்போதுகூட முழுக்க நிறுத்துவதில்லை. நிறுத்தினால் எதில் மோதுவோம் என்று தெரியாது.

இந்த ஆற்றில் ஒரு மோட்டார் படகு வருகிறது. படகின் விசிறி வேகமாகச் சுற்றும்போது தண்ணீரில் எண்ணற்ற நுண்குமிழிகள் உண்டாகி வெடிக்கின்றன. கரையில் நிற்பவருக்கு அது வெறும் இரைச்சல். டால்ஃபினுக்கோ கண்ணில் மண்ணைத் தூவியது போல. மயூக் தே, நச்சிகேத் கேல்கர், ஜக்தீஷ் கிருஷ்ணசாமி ஆகிய இந்திய விஞ்ஞானிகளும் ஜப்பானின் ததாமிச்சி மொரிசாகாவும் பீகாரில் கங்கைக்குள் ஒலிவாங்கிகளை இறக்கி இதை ஆராய்ந்து 2019ல் முடிவுகளை வெளியிட்டார்கள். எப்போதாவது ஒரு படகு வந்தால் டால்ஃபின் பரபரப்பாகி அதிகம் ஒலிக்கிறது. படகுகள் ஓயாமல் வந்துகொண்டே இருந்தால் அடங்கிப் போகிறது. படகு இரைச்சலில் அதன் ஒலித் துடிப்புகள் மூழ்கிப் போகின்றன. இந்த ஈடுகட்டலுக்காக உடம்பு செலவிடும் சக்தி கூடி, வளர்சிதை மாற்றத்தின் மீதான நெருக்கடி இரண்டு மடங்குக்கு மேல் போகிறது என்பது அவர்கள் கணக்கு.

இது சாகடிக்கும் காயமல்ல. கணக்கெடுப்பில் தெரியவும் தெரியாது. அந்த டால்ஃபினும் மூச்சு விட மேலே வரும், அதையும் ஒன்று என்று எண்ணுவார்கள். ஆனால் அதே அளவு மீன் தின்று இரு மடங்கு சக்தியைச் செலவிடும் பெண் விலங்கு குட்டிக்குப் பால் கொடுக்க எதை மிச்சம் வைக்கும்? கங்கை டால்ஃபின் ஒரு சமயத்தில் ஒரு குட்டிதான் ஈனும், அதுவும் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை. இந்தக் கஷ்டம் தெரிய வருவது பத்து, பதினைந்து ஆண்டுகள் கழித்து, குட்டிகள் குறைந்த பிறகுதான்.

அலகாபாத்திலிருந்து (இன்று பிரயாக்ராஜ்) ஹால்டியா வரை 1,620 கி.மீ. நீளமுள்ள கங்கைப் பாதை 1986லேயே முதலாவது தேசிய நீர்வழியாக அறிவிக்கப்பட்டுவிட்டது. பல ஆண்டுகள் பெயரளவுக்கே இருந்த அந்த நீர்வழி இப்போது நிஜமாகிறது. 2018ல் வாராணசியில் சரக்கு முனையம், அடுத்த ஆண்டு சாகிப்கஞ்சில். 2023 ஜனவரியில் ‘கங்கா விலாஸ்’ என்ற சொகுசுக் கப்பல் வாராணசியிலிருந்து திப்ரூகர் வரை 51 நாள், 3,200 கி.மீ. பயணத்தைத் தொடங்கியது. லாரியில் போவதைவிடத் தண்ணீரில் சரக்கு போனால் டீசல் மிச்சம், புகை குறைவு என்பது நியாயமான வாதம். அந்தக் கணக்கில் டால்ஃபினின் காதையும் சேர்த்திருக்கிறார்களா என்பதுதான் சந்தேகம். கப்பல் தரை தட்டாமல் போக ஆற்றின் நடுவே ஆழமான தடம் வேண்டும். ஆழமில்லாத இடத்தில் தோண்ட வேண்டும். கோடையில் டால்ஃபின் ஒதுங்கும் இடமும் அதே ஆழமான தடம்தான்.

சரணாலயத்திலாவது நிம்மதி உண்டா? பீகாரின் பாகல்பூர் மாவட்டத்தில் சுல்தான்கஞ்சிலிருந்து கஹல்காவ் வரை சுமார் 60 கி.மீ. கங்கையை 1991ல் விக்ரமசிலா டால்ஃபின் சரணாலயமாக அறிவித்தார்கள். அதன் மேல்கோடியில், சுல்தான்கஞ்சுக்கும் அகுவானிக்கும் இடையே கட்டப்பட்டுவந்த பெரிய பாலம் 2022 ஏப்ரலில் ஒரு பகுதி இடிந்து ஆற்றில் விழுந்தது. 2023 ஜூனில் மறுபடி விழுந்தது; தூண்களும் தளமும் சீட்டுக்கட்டு போல் சரிந்த காட்சியைத் தொலைக்காட்சியில் தேசமே பார்த்தது. 2024 ஆகஸ்டில் மூன்றாவது முறை. விவாதமெல்லாம் காண்ட்ராக்டைப் பற்றியும் ஊழலைப் பற்றியும்தான். அத்தனை டன் கான்கிரீட்டும் இரும்பும் விழுந்த இடம் ஒரு சரணாலயம் என்பதைக் கவனித்தவர்கள் கொஞ்சம் பேர்.

இரைச்சலின் கொடுமை கோடையில்தான் அதிகம் என்கிறது 2019 ஆய்வு. தண்ணீர் குறைந்தால் விலகிப் போக இடமில்லை. இரைச்சலைவிட மூத்த நோயே இந்தத் தண்ணீர்ப் பஞ்சம்தான்.

19ஆம் நூற்றாண்டில் டால்ஃபின் யமுனையில் டெல்லி வரை, அதுவும் மே மாதத்தில்கூட, காணப்பட்டதாக 1879ல் ஜான் ஆண்டர்சன் எழுதினார். இன்று டெல்லியில் மே மாதத்து யமுனை எப்படி இருக்கும் என்று டெல்லித் தமிழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கங்கையில் ஹரித்வார் வரை இருந்தது. இப்போது மேல் எல்லை பிஜ்னோர். இடையில் வந்தவை தடுப்பணைகள். ஹரித்வாரில் பீம்கோடா, கீழே பிஜ்னோர், அதற்கும் கீழே நரோரா. ஒவ்வொன்றிலும் தண்ணீர் கால்வாய்க்குப் போகிறது, மிஞ்சியது ஆற்றுக்கு. மேற்கு உத்தரப் பிரதேசத்துக் கரும்பும் கோதுமையும் விளைவது இந்தத் தண்ணீரில்தான். அந்த விவசாயியைக் குற்றவாளி ஆக்குவது சுலபம், சரியுமல்ல. அவருக்குக் கால்வாயைக் காட்டியது அரசு.

கங்கையில் குறைந்தபட்சம் இவ்வளவு தண்ணீர் ஓடியே ஆக வேண்டும் என்று 2018 அக்டோபரில் மத்திய அரசு ஆணை பிறப்பித்தது. நல்ல காரியம். அதன்படி நரோராவுக்குக் கீழே அக்டோபர் முதல் மே வரை நொடிக்கு 24 கன மீட்டர் ஓட வேண்டும். சுமார் 850 கன அடி. காவிரி டெல்டாவில் ஒரு நடுத்தரக் கால்வாய் ஓடும் அளவு. ஓட வேண்டியதோ கங்கை. ஆணையின் எல்லை கான்பூரைத் தாண்டி உன்னாவோடு முடிகிறது. டால்ஃபின்கள் அதிகம் வாழும் பகுதி அதற்குக் கீழே.

தண்ணீர் போன வழியே டால்ஃபினும் போய்விடுவது உண்டு. ஷார்தா கால்வாய்களில் தண்ணீர் திறக்கும்போது மீனைத் துரத்திக்கொண்டு உள்ளே நுழையும். மதகு அடைத்ததும் சிறைப்படும். தொட்டி போன்ற குட்டையில் தத்தளிக்கும் டால்ஃபினைத் துணி வைத்துத் தூக்கி, ஈரம் காயாமல் லாரியில் ஏற்றி ஆற்றில் விடுவது உ.பி.யில் இப்போது வழக்கமான மீட்பு வேலை. எல்லாவற்றுக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. 2020 டிசம்பர் கடைசி நாளில் பிரதாப்கர் மாவட்டத்துக் கால்வாய் ஒன்றில் அகப்பட்ட டால்ஃபினைச் சிலர் தடியாலும் கோடரியாலும் அடித்துக் கொன்றார்கள். வீடியோ நாடு முழுக்கப் பரவி, கைதும் நடந்தது. பார்த்தவர்களுக்கு ஆத்திரம் வந்தது நியாயமே. ஆனால் கால்வாய்க்குள் டால்ஃபின் எப்படி வந்தது என்ற கேள்வியை அந்த ஆத்திரத்தில் எவரும் கேட்கவில்லை.

சிந்து நதியில் நடந்தது இதற்கு நல்ல பாடம். பஞ்சாபிலிருந்து அரபிக் கடல் வரை பரவியிருந்த சிந்து டால்ஃபின், பாசன அணைகள் வந்த பிறகு தன் இருப்பிடத்தில் சுமார் 80 சதவீதத்தை இழந்தது. கோடைக்காலத்தில் ஓடிய நீரின் அளவுதான் எங்கே பிழைத்தது, எங்கே அழிந்தது என்பதைத் தீர்மானித்தது என்று 2014ல் வெளிவந்த ஆய்வு காட்டியது. பெரும்பகுதி இன்று பாகிஸ்தானில், குட்டுவுக்கும் சுக்கூருக்கும் இடையே. இந்தியப் பங்கு அந்த மூன்று.

அடுத்தது விஷம். இதுதான் கண்ணுக்குத் தெரியாதது, பேச்சிலும் அடிபடாதது. பாட்னா பல்கலைக்கழகத்தின் ஆர்.கே. சின்ஹா, கங்கை டால்ஃபினுக்காக வாழ்நாளைச் செலவிட்டு 2016ல் பத்மஸ்ரீ பெற்றவர். அவரும் ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழகத்தில் அப்போது பணியாற்றிய கே. கண்ணன் முதலானவர்களும் 1990களின் தொடக்கத்தில் டால்ஃபின் உடல்களின் கொழுப்பையும் ஈரலையும் பரிசோதித்தார்கள். டிடிடி இருந்தது, மின்மாற்றி எண்ணெயில் கலந்திருக்கும் பிசிபி இருந்தது, கன உலோகங்கள் இருந்தன. பிந்தைய ஆய்வுகளில் கப்பல் வண்ணப்பூச்சிலும் பிளாஸ்டிக்கிலும் பயன்பட்ட வெள்ளீயக் கூட்டுப் பொருள்களும் தென்பட்டன. 2025ல் வனவிலங்கு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் டால்ஃபின் தின்னும் மீன்களைச் சோதித்தபோது, ஹார்மோன்களைக் குழப்பும் ரசாயனங்கள் பல கிடைத்தன. பிளாஸ்டிக்கை இளக்கச் சேர்க்கும் தாலேட்டுகள் அவற்றில் முக்கியமானவை. விவசாயத்துக்குத் தடை செய்யப்பட்ட டிடிடியும் லிண்டேனும் அங்கே இன்னும் இருந்தன.

இவை உடம்பில் சேரும் விதம் சிக்கலானதல்ல. பாசியில் ஒரு துளி, பாசியைத் தின்னும் சிறு மீனில் பத்துத் துளி, அதைத் தின்னும் பெரிய மீனில் நூறு. இந்த வரிசையின் உச்சியில் இருப்பது டால்ஃபின். ஆயுளும் நீண்டது, கால் நூற்றாண்டுக்கு மேல் வாழும். இத்தகைய ரசாயனங்களைச் சிதைத்து வெளியேற்றும் திறன் திமிங்கில, டால்ஃபின் இனத்துக்குக் குறைவு. எனவே கொழுப்பில் தங்கிவிடுகிறது. தாய் பால் கொடுக்கும்போது கொழுப்போடு கரைந்து குட்டிக்குப் போகிறது. முதல் குட்டிக்குத்தான் அதிகம் போய்ச் சேரும். தாய் சேர்த்து வைத்த சொத்தில் தலைச்சனுக்குப் பெரும் பங்கு.

இதனால் கங்கை டால்ஃபினுக்கு என்ன நோய் வருகிறது? இதற்குப் பதில் சொல்ல இறந்த உடல்களை ஆண்டுக்கணக்கில் அறுத்துப் பார்த்திருக்க வேண்டும். அப்படிப் பார்த்த இடம் ஒன்று உண்டு, கனடாவில். செயின்ட் லாரன்ஸ் ஆற்று முகத்துவாரத்தில் வாழும் பெலூகா என்ற வெள்ளைத் திமிங்கிலங்களின் உடல்கள் கரை ஒதுங்கினால், 1983 முதல் அவற்றைக் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோய்ப் பிரேதப் பரிசோதனை செய்கிறார்கள். 1999 வரை பரிசோதித்ததில், வளர்ந்த திமிங்கிலங்களில் நான்கில் ஒன்றுக்குப் புற்றுநோய். காட்டு விலங்குகளில் கேள்விப்படாத விகிதம். சந்தேகம் விழுந்தது சகெனே ஆற்றங்கரையிலிருந்த அலுமினிய உருக்காலைகள் மீது. அங்கிருந்து வந்த தார் வகை ரசாயனக் கழிவு 1970களில் நிறுத்தப்பட்டது. பிறகு நடந்ததுதான் முக்கியம். 2012 வரை 222 உடல்களைப் பரிசோதித்தவர்கள் 2016ல் வெளியிட்ட முடிவின்படி, 1971க்குப் பின் பிறந்த திமிங்கிலங்களில் ஒன்றுக்குக்கூடப் புற்றுநோய் இல்லை.

விஷத்தை நிறுத்தினால் உடம்பு தேறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது. ஆனால் அது தெரிய வந்ததற்குக் காரணம், முப்பது ஆண்டுகள் அலுக்காமல் அழுகிய உடல்களை அறுத்துப் பார்த்தவர்கள். 1986ல் ராஜீவ் காந்தி வாராணசியில் தொடங்கிவைத்த கங்கைச் செயல் திட்டத்திலிருந்து 2014ல் வந்த நமாமி கங்கே வரை ஆயிரக்கணக்கான கோடி ரூபாய் சாக்கடையைச் சுத்திகரிக்கச் செலவாகிறது. சாக்கடை குறைந்தால் டால்ஃபினுக்கும் நல்லதுதான். ஆனால் சுத்திகரிப்பு நிலையம் பாக்டீரியாவைக் கொல்லுமே தவிர, வயலிலிருந்து வழிந்து வரும் பூச்சிமருந்துக்கு அங்கே வேலை இல்லை.

கடைசியாக, வலையும் மீனவரும். இதைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம் உண்டு. டால்ஃபின் பாதுகாப்பு என்றதும் அதிகாரிகளின் விரல் முதலில் நீள்வது மீனவரை நோக்கித்தான்.

குற்றச்சாட்டு பொய்யல்ல. மெல்லிய நைலான் வலை தண்ணீரில் டால்ஃபினுக்குப் புலப்படுவதில்லை. அலகு மாட்டினால் மூச்சு முட்டிச் சாகும். பீகாரிலும் அசாமிலும் டால்ஃபின் கொழுப்பை உருக்கிய எண்ணெயை ஆற்றில் சொட்டவிட்டுக் கெளுத்தி வகை மீன்களைக் கவர்ந்து பிடிக்கும் பழக்கம் இருந்தது. மூட்டு வலிக்குத் தடவவும் அந்த எண்ணெயைத் தேடுவார்கள். சின்ஹா இங்கே ஒரு நல்ல வேலை செய்தார். மீன் சந்தையில் வீசி எறியும் குடல், செதில் முதலியவற்றிலிருந்து எடுத்த எண்ணெயும் அதே மீனை அதே அளவு கவரும் என்று ஆற்றிலேயே சோதித்துக் காட்டினார். மீனவருக்கு வேண்டியது மீன், டால்ஃபின் அல்ல.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். சுல்தான்கஞ்சிலிருந்து பீர்பைந்தி வரை கங்கை 1990 வாக்கில்கூட இரு ஜமீன் குடும்பங்களின் சொத்தாக இருந்தது. நிலத்துக்கு ஜமீன் ஒழிந்து நாற்பது ஆண்டு ஆன பிறகும் தண்ணீருக்கு ஒழியவில்லை. வலை வீச அவர்களுக்குக் காசு கட்ட வேண்டும். ஜெயப்பிரகாஷ் நாராயண் இயக்கத்திலிருந்து வந்த இளைஞர்கள் கஹல்காவில் 1982ல் தொடங்கிய ‘கங்கா முக்தி ஆந்தோலன்’ இதை எதிர்த்துப் போராடியது. 1991ல் அந்த உரிமை ஒழிந்தது. அதே ஆண்டு அதே நீர்ப்பரப்பு சரணாலயமாயிற்று. ஒரு முதலாளி போய் இன்னொரு முதலாளி வந்தார் என்று மீனவர்கள் நினைத்திருந்தால் ஆச்சரியமில்லை.

அந்த இயக்கத்தின் இன்னொரு கோரிக்கையைப் பலர் மறந்துவிட்டார்கள். 1975ல் திறக்கப்பட்ட ஃபராக்கா அணை மீனை மறித்துவிட்டது என்பதே அது. கடலிலிருந்து முட்டையிட ஏறிவரும் ஹில்சா மீன் ஒரு காலத்தில் அலகாபாத்தையும் தாண்டிப் போகும். அணைக்குப் பிறகு பீகாரில் ஹில்சா பெயரளவுக்கு வந்தது. மீனவர் வலை காலியானது, டால்ஃபின்கள் அணைக்கு மேலே ஒரு கூட்டம், கீழே ஒரு கூட்டம் என்று பிரிந்தன. மீன் குறைந்ததும் மீனவர் வலைக்கண்ணைச் சிறிதாக்கினார். டால்ஃபினும் மீனவரும் அதே சிறு மீனைத் தேடி அதே ஆழமான மடுவுக்கு வந்தார்கள். வலையில் டால்ஃபின் மாட்டியது அங்கேதான்.

சீனாவின் யாங்சி நதியில் பாய்ஜி என்ற டால்ஃபின் இருந்தது. அதற்கும் சட்டப் பாதுகாப்பு இருந்தது, காப்பகங்கள் இருந்தன, கணக்கெடுப்பும் இருந்தது. 1997ல் எண்ணியபோது கண்ணில் பட்டவை 13. வூஹானில் தொட்டியில் வளர்ந்த கடைசி பாய்ஜி 2002ல் இறந்தது. 2006 இறுதியில் சர்வதேச விஞ்ஞானிகள் ஆறு வாரம், சுமார் 3,500 கி.மீ. தேடினார்கள். ஒன்றுகூட இல்லை. வலை, தூண்டில் முள், மின்சாரம் பாய்ச்சி மீன் பிடிப்பு, ஓயாத கப்பல், மாசு என்று எல்லாமாகச் சேர்ந்து செய்த வேலை அது. எது கொன்றது என்று விவாதித்துக்கொண்டிருந்தபோதே ஆட்டம் முடிந்துவிட்டது. 13க்கும் 6,327க்கும் இடையே தூரம் அதிகம்தான். ஆனால் பாய்ஜியும் 1980 வாக்கில் சில நூறு இருந்தது.

இந்தியாவில் சில நல்ல தொடக்கங்கள் தெரிகின்றன. 2024 டிசம்பரில் அசாமில் முதல் முறையாக ஓர் ஆண் டால்ஃபினின் உடலில் செயற்கைக்கோளுக்குத் தகவல் அனுப்பும் சிறு கருவியைப் பொருத்திவிட்டார்கள். எந்தப் பருவத்தில் எங்கே போகிறது என்று இனி ஊகிக்க வேண்டியதில்லை. பாட்னா பல்கலைக்கழக வளாகத்தில் தேசிய டால்ஃபின் ஆராய்ச்சி மையம் 2024 மார்ச்சில் திறக்கப்பட்டது. இரைச்சலுக்கு மருந்தும் 2019 ஆய்விலேயே இருக்கிறது: படகுகளின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவது, குமிழி குறைவாக எழும்பும்படி விசிறியை மாற்றியமைப்பது, ஆற்றில் தண்ணீர் விடுவது. முதல் இரண்டும் நீர்வழி ஆணையம் மனது வைத்தால் முடியும். மூன்றாவதற்கு மாநிலங்கள் மனது வைக்க வேண்டும்.

உடல்நிலைக் கணக்கு மட்டும் இன்னும் மீனவர் கையில்தான் இருக்கிறது. ஆற்றில் செத்து மிதக்கும் டால்ஃபினை முதலில் பார்ப்பவர் அவர். அந்த உடல் அழுகும் முன் ஆராய்ச்சி மையத்துக்கு வந்தால், நுரையீரலில் என்ன, ஈரலில் என்ன, வயிற்றில் என்ன மீன் என்று தெரியும். ஆனால் முதல் அட்டவணை விலங்கைக் கொன்றால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. தற்செயலாகத் தன் வலையில் மூச்சு முட்டிச் செத்த டால்ஃபினைத் தூக்கிக்கொண்டு எந்த மீனவர் வனத்துறை வாசலுக்கு வருவார்? கல்லைக் கட்டி ஆற்றிலேயே விடுவது அவருக்குப் பத்திரம்.

தற்செயல் மரணத்தைத் தகவல் சொல்பவர் மீது வழக்கு இல்லை, கிழிந்த வலைக்கு ஈடு உண்டு என்று ஓர் உத்தரவு போட்டால் நிலைமை மாறும். கஹல்காவ் படித்துறையிலிருந்து பாட்னா 200 கி.மீ.க்கு மேல். மே மாத வெயிலில் அந்த உடல் போய்ச் சேர ஒரு வண்டியும் சில மூட்டை ஐஸும் வேண்டும்.